கீச்சான் எப்போது கிளம்பும்? சிங்கப்பூரில் வலசை திரும்பும் மாதங்கள்

பிப்ரவரி 15, வாசகர் கேள்வி

சிங்கப்பூரில் வசந்தகால வலசை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? அக்டோபரில் பறவைகள் வந்து இறங்குவது தெரிகிறது, எல்லாரும் படம் போடுகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பார்க்க என்ன இருக்கிறது? இங்கே பன்னிரண்டு மாதமும் ஒரே வெயில்தானே?

பிப்ரவரி 15, இரவு

இருக்கிறது. இன்று காலையில்தான் பார்த்தேன். லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கக் கரையில், காய்ந்த கொம்பு ஒன்றின் நுனியில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். இந்த ஆண்டின் முதல் வரவு.

இங்கே இரண்டு பஞ்சுருட்டான்கள் முறை வைத்துக் குடியிருக்கின்றன. நீலவால் பஞ்சுருட்டான் வடக்கிலிருந்து ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வந்து நம் வெயிலில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரல், மே மாதங்களில் திரும்பும். நீலத்தொண்டை அப்படியே எதிர்மாறு. ஆண்டின் தொடக்க மாதங்களில் தெற்கிலிருந்து வந்து, மணல் தரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்து, அக்டோபருக்குள் போய்விடும். ஒருவர் பெட்டி கட்டும்போது இன்னொருவர் சாவி வாங்குகிறார். இரண்டையும் ஒரே கம்பியில் பார்க்கக் கிடைக்கும் வாரங்கள் இவைதான்.

பிப்ரவரி 16

தவறு. மேலே எழுதியதில் முறை வைத்த கதை சரி, பறவைதான் தவறு.

இரவில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிர்வெயிலில் தொண்டை இருண்டு நீலமாகத் தெரிந்திருக்கிறது. உண்மையில் அங்கே மஞ்சளும் அதன் கீழே செம்பழுப்பும். தலை பச்சை. நீலத்தொண்டையாக இருந்தால் உச்சியும் பிடரியும் பாக்குக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டும். ஆக, நான் பார்த்தது ஆறு மாதமாக அதே கொம்பில் உட்கார்ந்திருக்கும் பழைய நீலவால். வந்தவரை வரவேற்கப் போய் வீட்டுக்காரருக்கே மாலை போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 23

கேள்வி கேட்டவருக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. அக்டோபரில் வருகிறார்கள், அது நிகழ்ச்சி. இப்போது போகிறார்கள். போவதை எப்படிப் பார்ப்பது? இதுதான் சிக்கல்.

எங்கள் புளோக்கின் பின்னால், ஈசூனில், காற்பந்துத் திடல் அளவுக்கு ஒரு புல்வெளி இருக்கிறது. அதன் வேலிக்கம்பியில் அக்டோபர் 4 முதல் ஒரு பழுப்புக் கீச்சான் இருக்கிறது. அந்தத் தேதி எனக்கு நிச்சயமாகத் தெரியும், அன்று பார்த்தேன், அன்றே எழுதினேன். புறாவைவிட மிகச் சிறியது, தலை பெரியது, கண்ணுக்குக் குறுக்கே திருடன் கட்டியதுபோலக் கறுப்புத் துணி. குளிர்காலத்துக்கு ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டால் அதை விட்டுக்கொடுக்காது. சென்ற ஆண்டும் இதே வேலியில் ஒன்று இருந்தது. இதே ஆள்தானா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கீச்சான்கள் சென்ற ஆண்டு இருந்த இடத்துக்கே திரும்புவது காலில் வளையம் போட்டுப் பார்த்து அறியப்பட்ட செய்தி. ஆகவே நான் அவ்வாறே வைத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு எப்போது போனது என்று குறிப்பேட்டைப் புரட்டினேன். 'ஏப்ரல் கடைசியில் இல்லை' என்று இருக்கிறது. ஏப்ரல் கடைசி என்றால் எந்த நாள்? இருந்த வரை 'இன்றும் இருக்கிறது' என்று யார் எழுதுவார்கள்?

இந்த முறை எழுதப் போகிறேன். சமையலறையில் தொங்கும் தினசரி நாட்காட்டியில், கீச்சானைப் பார்த்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பது என்று முடிவு.

மார்ச் 1

பகல் நீளம் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். வடக்கே நாள் நீள்வதைப் பார்த்துப் பறவை காலத்தை அறிகிறது, சரி. சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அந்தச் சேதி எப்படிக் கிடைக்கும்?

நல்ல கேள்வி. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 9 நிமிடம். காப்பிக்கடையில் வரிசையில் நிற்கும் நேரம். 1960களின் பிற்பகுதியில் ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் குவின்னர் சிறு கதிர்குருவிகளை, 12 மணி வெளிச்சம் 12 மணி இருட்டு என்று மாறாத அறையில் வைத்துப் பார்த்தார். வானமும் பருவமும் தெரியாத அறை. ஆனாலும் அவற்றுக்கு இறகு உதிர்ந்து முளைத்தது, கிளம்ப வேண்டிய காலத்தில் இரவு முழுக்கக் கூண்டில் தவித்துக் குதித்தன. உள்ளே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. அது சரியாக 12 மாதத்துக்கு ஓடாமல் வெளி உலகத்தோடு ஒட்டாமல் விலகிக்கொண்டே போனது. வெளியிலிருந்து யாரும் நேரம் சொல்லவில்லை என்பதற்கு அந்த விலகலே சாட்சி.

இங்கே முப்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, தை பிறந்தால் ஊர் ஊர் என்று புலம்பிய என் மாமாவின் நினைவு வந்தது. அவருக்கும் யாரும் சேதி அனுப்பவில்லை.

மார்ச் 9

சுங்கை பூலோ. கிராஞ்சியிலிருந்து 925ஆம் எண் பஸ்.

முதலில் ஒரு வார்த்தை. பலர் அங்கே காலை ஏழு மணிக்குப் போய், ஓர் உடும்பையும் இரண்டு கொக்கையும் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று திரும்புகிறார்கள். அங்கே கடிகாரம் பார்த்துப் போகக் கூடாது, ஓதம் பார்த்து, அதாவது கடல் ஏறும் நேரம் பார்த்துப் போக வேண்டும். நீர் வற்றியிருக்கும்போது கரைப்பறவைகள் எல்லாம் மண்டாய்ச் சேற்றுவெளியில் மேயப் போய்விடும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கினால்தான் பூலோவின் குளங்களுக்கு ஒதுங்கும். அந்தக் குளங்கள் முன்பு இறால் பண்ணைகள். மதகுகளை வைத்து நீர்மட்டத்தைக் குறைத்து, கடல் ஏறியிருக்கும்போதும் கொஞ்சம் சேறு வெளியே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். 1993இல் பூங்காவாகத் திறந்து, 2002இல் இயற்கை வனப்பகுதியாக அறிவித்த இடம்.

ஓதம் நண்பகலில். பதினொன்றரைக்கு மறைவிடத்தில் உட்கார்ந்தேன். குளம் வெறுமை. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால், மரங்களுக்கு அப்பாலிருந்து ஒரு விசில் தொடர், ஒரே சுருதியில் ஏழெட்டு முறை. சின்னக் கோட்டான்கள். பத்து, இருபது, பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கீழ்நோக்கி வளைந்த அலகும், தலையில் வகிடு எடுத்ததுபோல வெளிர்கோடும். இறங்கிய வேகத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வரும்படி நின்று, எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பின.

நான் பார்க்கச் சொல்வது அவற்றின் வயிற்றை. அக்டோபரில் வந்து இறங்கும்போது ஒட்டி உலர்ந்து இருக்கும். இப்போது வால் அடியில் சதை தொங்குகிறது, நடக்கும்போது சீமந்தத்துக்குப் பிறந்தவீடு வந்த பெண்ணின் நடை. இது பயணக் கொழுப்பு. அடுத்த நிறுத்தம் மஞ்சள் கடலோரமாக இருக்கலாம். அங்கே சேற்றுவெளிகள் பாதிக்கு மேல் அழிந்துவிட்டன, மீதமிருப்பதில் சீனக் கரையின் ஒரு பகுதியை 2019இலும் கொரியக் கரையின் சில பகுதிகளை 2021இலும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

பொன்னிற உப்புக்கொத்திகள் நாற்பது. இவைதான் இன்று என்னை நெடுநேரம் உட்கார வைத்தவை. அலாஸ்கா, சைபீரியப் பனிவெளிகளில் கூடு கட்டும்போது முகத்திலிருந்து வயிறு வரை கன்னங்கறுப்பு, முதுகில் பொன் தூவல். இங்கே இருக்கும் மாதங்களில் மங்கிய மண் நிறம். இன்று ஒன்றின் நெஞ்சில் மட்டும் பத்துப் பன்னிரண்டு கறுப்பு இறகுகள், வெள்ளைச் சட்டையில் பேனா கசிந்ததுபோல. பக்கத்தில் நின்றதற்குத் தாடையில் ஒரு பொட்டு. மற்றவற்றுக்கு இன்னும் தொடங்கவில்லை. போவதைப் பார்ப்பது எப்படி என்று கேட்டேனே, இது ஒரு வழி. கிளம்பும் முன் உடை மாற்றுகிறார்கள்.

செங்கால் உள்ளான் நிறைய. அவற்றைப் பற்றி ஒன்று. தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வாளர்கள் இங்கே பிடித்த சிலவற்றுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். கடலோரமாகச் சீனாவுக்குப் போகும் என்று யாரும் நினைப்போம். அவை இமயமலையைத் தாண்டித் திபெத் பீடபூமிக்குப் போயின. முட்டிக்கால் அளவு உயரமில்லாத பறவை.

மார்ச் 10

கோட்டான் என்றால் ஆந்தை அல்லவா, சேற்றில் ஆந்தைக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆந்தைக்கும் கோட்டான் என்ற பெயர் உண்டு, இந்த வளைந்த அலகுப் பறவைக்கும் உண்டு. என் அப்பா வேதாரண்யம் பக்கத்துக்காரர். கோடியக்கரையில் நிற்கும் கரைப்பறவை எதுவாக இருந்தாலும் அவருக்கு உள்ளான்தான். நான் வகை பிரித்துப் பெயர் சொன்னால், 'உன் பெயரை அதனிடம் சொல்லிவிட்டாயா?' என்பார்.

மார்ச் 16

தஞ்சோங் துவான். மலேசியாவில், போர்ட் டிக்சனுக்குப் பக்கத்தில். நேற்றே போய் இன்று இரவு திரும்பினேன். சோதனைச் சாவடியில் நின்ற நேரம் பறவை பார்த்த நேரத்தைவிட அதிகம், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வசந்தகால வலசை கண்ணுக்கு எதிரே நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் சிங்கப்பூரை விட்டு அங்கே போக வேண்டும். இறங்கு காலத்தில் பருந்துகள் தீபகற்பம் முழுக்க இறங்கி நம் தலைக்கு மேல் வருகின்றன. திரும்பும்போது அந்தச் சுற்று வேண்டாம் என்று, சுமத்ராவின் ரூப்பாட் தீவிலிருந்து மலாக்கா நீரிணையைக் குறுக்கே கடக்கின்றன. சுமார் 38 கிலோமீட்டர். பருந்து சிறகடிக்க விரும்பாத சோம்பேறி, தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறிச் சுற்றிச் சறுக்கியே ஊர் போகும். கடலுக்கு மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால்தான் குறுகிய இடமாகத் தேடுகிறது, முனையில் காடு அடர்ந்த இந்த நிலத்தைத் தேடி வருகிறது. 2000ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைச் சங்கம் மார்ச் மாதத்தில் இதற்கென்றே விழா எடுக்கிறது. (அந்த முனை நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். பறவைக்குக் கவலையில்லை.)

கலங்கரை விளக்கத்தடியில் பதினொன்றரைக்கு முதல் தேன்பருந்து. நீர்ப்பரப்பின் மேல் ஒரு புள்ளி, அதுவும் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக. நெருங்க நெருங்க அது சிறகடிப்பது தெரிந்தது, கனமாக, விட்டு விட்டு. கரைக்கு வருமுன் ஒருமுறை அலைக்கு மிக அருகில் இறங்கியது, பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் 'ஐயோ' என்றார். மர உச்சியைத் தொட்டதும் சிறகை விரித்து ஒரு வட்டம், இரண்டு வட்டம், பிறகு அடிக்கவே இல்லை. வெப்பக்காற்று தூக்கிக்கொண்டது. நீண்ட கழுத்தும் புறாத் தலையும் அண்ணாந்து பார்த்த என் கழுத்துக்கு நேர்மேலே போயின. இரண்டு மணிக்குள் நான் எண்ணியது 212.

மார்ச் 17

212 அல்ல. என்னோடு வந்த நண்பர் 170க்குச் சற்றுக் குறைவாகக் குறித்திருக்கிறார். அவர் கடலிலிருந்து கரையைத் தொட்டவற்றை மட்டும் எண்ணினார். நான் காட்டுக்கு மேல் வட்டமிட்டவற்றையும் சேர்த்துவிட்டேன், ஆக வட்டமிட்டு வந்தவை இரண்டாம் முறை என் கணக்கில் ஏறியிருக்கின்றன. அவர் கணக்கே சரி. அவர் கணக்காளர்.

மார்ச் 22

வந்துவிட்டது. இந்த முறை எதிர்வெயில் இல்லை. லோயர் சிலேத்தார், பழைய கொம்புக்கு நான்கு மரம் தள்ளி. பாக்கு நிறத் தலை, நீலத் தொண்டை, வால் நடுவில் இரண்டு நீண்ட கம்பி. ஒரு தேனீயைப் பிடித்து வந்து கிளையில் அறைந்தது, திருப்பிப் பிடித்து வயிற்று நுனியை மரப்பட்டையில் தேய்த்தது, கொடுக்கின் விஷம் வெளியேறும்வரை. பிறகு மேலே எறிந்து விழுங்கியது. மூன்று முறை படம் எடுத்தேன், மூன்று முறையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நீலவால் ஐந்து இன்னும் கம்பியில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

கீச்சான்: இருக்கிறது. தாள் கிழிக்கப்பட்டது.

மார்ச் 25

மஞ்சள் ஈப்பிடிப்பான் ஒன்று மேற்குப் பக்கக் காட்டோரத்தில் வந்திருக்கிறதாம். நார்சிசஸ் எனப்படும் ஜப்பானியப் பறவை, மார்ச் வாக்கில் அரிதாகத் தலைகாட்டும். போனேன். நாற்பது லென்ஸ்கள், பீரங்கி வரிசை. பறவை இருந்ததாகச் சொல்லப்பட்ட புதரை முன்வரிசை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. நான் பார்த்தது மற்றவர்களின் முதுகுகளை. பின்வரிசையில் ஒருவர், அது போய் ஒரு மணி நேரமாகிறது என்று எனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னார். முன்னால் நின்றவர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'என்னை யாரும் கேட்கவில்லை' என்றார்.

மார்ச் 30

வேலியோரக் காகிதப்பூச் செடியின் முள்ளில் ஒரு வெட்டுக்கிளி குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தலை இல்லை. பின்கால்கள் ஒழுங்காக மடித்து வைத்த நிலையில். கீச்சானின் சரக்கறை. எறும்புகள் வரிசை கட்டிவிட்டன. ஏறக்குறைய ஆறு மாதம் பார்த்தும் இதை இன்றுதான் கண்டேன்.

ஏப்ரல் 1

மேலே எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். அதே திடலில் நீள்வால் கீச்சான் ஒன்றும் உண்டு, அது இங்கேயே பிறந்து வளர்ந்த குடிமகன், அதற்கும் முள்ளில் குத்தும் பழக்கம் உண்டு. வெட்டுக்கிளி யாருடையது என்று எனக்குத் தெரியாது. விருந்தாளி மேல் பழி போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 8

கீச்சான் இல்லை. நேற்றும் இல்லை, நேற்று எழுதவில்லை, மழை என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். இன்று வெயில், மூன்று முறை போய் வந்தேன். கடைசியாகப் பார்த்தது 6ஆம் தேதி காலை ஏழரைக்கு. அன்று என்ன செய்தது என்று நினைவுகூர்ந்து பார்க்கிறேன். வேலியில் இருந்தது, வாலை ஆட்டியது, ஒரு கரப்பானை விரட்டியது. வேறொன்றும் இல்லை. கடைசி நாள் என்று தெரிந்திருந்தால் பல் துலக்கிவிட்டாவது போயிருப்பேன்.

முதல் நாளைப் பார்த்தவுடனே தெரியும். கடைசி நாள் மட்டும் இரண்டு நாள் கழித்துத்தான் கடைசி நாளாகிறது.

ஏப்ரல் 11

பங்குனி உத்திரம். ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு மனைவி பால்குடம் எடுத்தார். வரிசையில் நின்றபோது தலைக்கு மேல் நீலவால் பஞ்சுருட்டான்களின் உருட்டுக் குரல், பதினைந்து இருக்கும், உயரமாக, வடக்கு நோக்கி. நான் அண்ணாந்து நின்றதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பெரியவர் கோபுரத்தைக் கும்பிடுகிறேன் என்று நினைத்து அவரும் கும்பிட்டார்.

நாட்காட்டி 7ஆம் தேதியிலேயே நிற்கிறது. மனைவிக்கு இன்னும் தெரியாது.

ஏப்ரல் 13

திடலில் புல் வெட்டுகிறார்கள். முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு வியர்வை துடைத்துக்கொண்டிருந்த தம்பி, புதுக்கோட்டைக்காரர். எதைத் தேடுகிறீர்கள் ஐயா என்று கேட்டார். சொன்னேன்.

"கீச்சானா? போன வாரம் இந்தப் பக்கம் வெட்டினோம். அதிலிருந்து அது சாக்கடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, ஐயா. இயந்திரம் போகும் இடமெல்லாம் பின்னாலேயே வருகிறது. புல்லிலிருந்து பூச்சி கிளம்புமே."

கையைக் காட்டினார். சாக்கடைக்கு அப்பால், நட்டு ஒரு மாதம் ஆகாத மரக்கன்றின் முட்டுக்கொம்பு மேல் கறுப்புத் துணி கட்டிய முகம். ஊரிலும் இது குளிர்காலத்தில் வரும், பொங்கல் தாண்டி இருக்கும், பிறகு காணாமல் போகும் என்றார். காணாமல் போவது எந்த மாதம் என்று கேட்டேன். "அதை யார் பார்த்தார்கள், ஐயா?"

ஏழு தாள்களை ஒன்றாகக் கிழித்தேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். கீச்சானும் இருக்கிறது. சந்தேகம் ஒன்று: சாக்கடைக்கு அப்பால் இருப்பது பழையதா, வழியில் தங்கிய வேறொன்றா? வடக்கே போகும் புதிய கீச்சான்கள் இப்போது கடந்துகொண்டிருக்கும் நேரம். இது முட்டுக்கொம்பிலிருந்து இறங்கிப் பழைய வேலியின் அதே மூன்றாவது கம்பத்துக்கு வந்து, அங்கே பூச்சி ஓடுகள் கலந்த உருண்டை ஒன்றைக் கக்கிவிட்டுப் போனது. பழையது என்று வைத்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டும் இப்படித்தான் வைத்துக்கொண்டேன், தெரியும்.

ஏப்ரல் 19

பூலோ. உப்புக்கொத்தி பதினொன்றே. அதில் ஒன்றுக்கு முழு உடை, முகம் முதல் வயிறு வரை கறுப்பு, விளிம்பில் வெள்ளைக்கரை, வேட்டியைத் திருப்பிக் கட்டியதுபோல. கோட்டான்கள் பாதிகூட இல்லை. பொட்டு வைத்த உப்புக்கொத்தியைத் தேடினேன், இப்போது எல்லாவற்றுக்கும் பொட்டு இருப்பதால் எது அது என்று சொல்ல வழியில்லை.

ஏப்ரல் 24

இருக்கிறது. ஆறே முக்கால், இருட்டு. குரல் மட்டும் கேட்டது, கரகரவென்று. குரலைக் கணக்கில் எடுக்கலாமா? எடுத்தேன்.

ஏப்ரல் 29

24க்குப் பிறகு இல்லை. இரண்டு பக்கமும் தேடினேன், புல் வெட்டும் தம்பியிடமும் கேட்டேன், அவரும் பார்க்கவில்லை. 25ஆம் தேதித் தாள் கிழிபடாமல் நிற்கிறது. நேற்று மனைவி அதைப் பார்த்து வெள்ளிக்கிழமை இராகுகாலத்தைத் திங்கட்கிழமைக்குச் சரி என்று எடுத்துக்கொண்டு ஒரு வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறார். விளக்கினேன். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை பார்த்தால், நகைக்கடை கொடுத்த இன்னொரு நாட்காட்டி பக்கத்தில் தொங்குகிறது. 29 காட்டுகிறது.